சர்வர் இல்லாத சங்கத்தில் நகல் யந்திரமும் கணினியும்

நமது சங்கக் காரியாலயங்களில் இன்று நகல் யந்திரம் இல்லாத இடம் அரிது. நெசவாளர் சங்கமாயினும் சரி, விவசாயக் கடன் சங்கமாயினும் சரி, ஒரு மூலையில் அந்த யந்திரம் நிற்கிறது. பக்கத்து மேஜைகளில் இரண்டோ மூன்றோ கணினிகள் இருக்கின்றன. ஆனால் யந்திரத்துக்கும் கணினிக்கும் இடையே பேச்சு வார்த்தை கிடையாது. ஆய்வுக்காக நாம் செல்லும் சங்கங்கள் பலவற்றில் காணும் நிலைமை இதுவே. அங்கத்தினர் கொண்டு வரும் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை யந்திரம் காகிதத்திலிருந்து காகிதத்துக்குப் பிரதி எடுத்துத் தருகிறது. அதே தஸ்தாவேஜை மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு இணைய வழியில் அனுப்ப வேண்டுமென்றால், குமாஸ்தா தம் சொந்தக் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்; அல்லது கடைத்தெருவிலுள்ள கணினி மையத்துக்கு ஆள் அனுப்புகிறார். படம் கோணலாகவும் நிழல் விழுந்தும் போய்ச் சேருகிறது. "தெளிவில்லை" என்ற குறிப்புடன் திரும்பி வருகிறது. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் இப்படி ஒரு மனு திரும்பினால் அதன் நஷ்டம் யாரைச் சேரும் என்பதை விவசாய அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

காலதாமதத்தைக் காட்டிலும் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. அங்கத்தினரின் ஆதார் எண், நிலப் பத்திரம், கையொப்பம் ஆகிய மூன்றும் குமாஸ்தாவின் கைப்பேசியிலும் கடைக்காரரின் கணினியிலும் தங்கிவிடுகின்றன. அவை எங்கே இருக்கின்றன, எப்பொழுது அழிக்கப்பட்டன என்பதற்குச் சங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் குறிப்பு இல்லை. மின்னணு வடிவிலுள்ள தனிநபர் தரவுகளைப் பாதுகாப்பதற்கென நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பி ஒப்படைத்த பத்திரத்தைக் கடைத்தெருவில் விட்டுவருவது முறையாகுமா?

இதற்குப் பரிகாரம் தேடிச் செல்லும் நிர்வாகக் குழுவினரிடம் யந்திர முகவர்களில் சிலர், "சர்வர் ஒன்று வாங்கினால்தான் ஸ்கேன் செய்தது கணினிக்கு வரும்" என்று கூறி விலைப்புள்ளி கொடுக்கிறார்கள். குழுவும் தீர்மானம் போட ஆயத்தமாகிறது. இங்கேதான் நாம் குறுக்கிட்டுச் சொல்ல விரும்புகிறோம்: மூன்று கணினி உள்ள சங்கத்துக்குச் சர்வர் வாங்குவது, இரண்டு தறிக்காக ஒரு நூற்பாலை வைப்பதற்கு ஒப்பாகும். சர்வர் என்பது எல்லோருடைய கோப்புகளையும் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, யார் எதைப் பார்க்கலாம் என்று கணக்கு வைத்து, இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு பெரிய கணினி. பல கிளைகளும் பல பிரிவுகளும் உள்ள ஸ்தாபனங்களுக்கு அது தேவைதான். ஆனால் நம் மேஜையில் உள்ள சாதாரண விண்டோஸ் கணினியே தன் கோப்புறை ஒன்றைப் பிறருக்குத் திறந்துவிடும் ஆற்றல் உடையது. ஒரே சமயத்தில் 20 சாதனங்கள் வரை அதனுடன் இணைய அனுமதி உண்டு. நமக்கு வேண்டியதோ ஒரு நகல் யந்திரமும் இரண்டு மூன்று கணினிகளுமே.

நடப்பது இன்னதென்று புரிந்துகொண்டால் அமைப்பது எளிது. இக்காலத்து நகல் யந்திரமும் உள்ளுக்குள் ஒரு கணினிதான். கண்ணாடி மீது வைத்த தாளைப் படமாக்கி, அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வலைப்பின்னல் வழியே நம் கணினியின் வாசலுக்கு வருகிறது. ஒரு பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி உள்ளே நுழைகிறது. குறிப்பிட்ட கோப்புறையில் படத்தைப் போட்டுவிட்டுத் திரும்புகிறது. சங்க வாசலில் உள்ள மனுப் பெட்டியில் மனுவைப் போட்டுச் செல்வதைப் போன்றது இது. இவ்விரண்டும் பேசிக்கொள்ளும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். ஆகவே யந்திரத்துக்குத் தெரிய வேண்டியவை நான்கே: எந்த வாசல், எந்தப் பெட்டி, என்ன பெயர், என்ன கடவுச்சொல். வேலை நின்றுபோனதாக நாம் கேள்விப்பட்ட இடங்களில் பெரும்பாலும் இந்நான்கில் ஒன்றுதான் தவறியிருந்தது.

முதலில் யந்திரத்தைக் கம்பி மூலம் ரவுட்டருடன் இணைக்க வேண்டும். இணைய இணைப்புக் கொடுத்தவர்கள் வைத்துச் சென்ற ரவுட்டரே போதும். காரியாலயத்திலிருந்து கிடங்கோ தறிக் கூடமோ தள்ளியிருந்தால், ஒரே கம்பி 100 மீட்டர் வரை செல்லலாம் என்பதை நினைவில் கொள்ளலாம்.

அடுத்தது வாசல் எண். அதாவது ஐ.பி. முகவரி. அங்கத்தினர்கள் சிறிது பொறுமையுடன் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். ரவுட்டர் தன்னுடன் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்ணைத் தானே வழங்குகிறது. ஆனால் அதை நிரந்தரமாக வழங்குவதில்லை. மின்சாரம் போய் வந்ததும், நேற்று எழுத்தரின் கணினிக்கு இருந்த எண் இன்று காசாளரின் கணினிக்குப் போய்விடக்கூடும். யந்திரமோ பழைய எண்ணையே தேடிச் செல்கிறது. பெட்டி இல்லை என்று திரும்பிவிடுகிறது. "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்ற புகாருக்கு மூலகாரணம் அநேகமாக இதுவே. மெக்கானிக்கை அழைத்தால் அவர் வந்து புது எண்ணை எழுதிவிட்டு, வந்து போன கூலியை வாங்கிச் செல்வார். அடுத்த மின்வெட்டு வரையில் வேலை நடக்கும். நிரந்தரப் பரிகாரம் இரண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், "இந்தக் கணினிக்கு எப்பொழுதும் இந்த எண்ணே" என்று ஒதுக்கீடு செய்துவிடலாம், இது மேலானது. அல்லது கணினியிலேயே நிலையான எண்ணை எழுதலாம். அப்படி எழுதும்போது ரவுட்டர் தானாக வழங்கும் வரிசைக்கு வெளியே உள்ள எண்ணாகப் பார்த்து எழுத வேண்டும். ரவுட்டர் 192.168.1.2 முதல் 192.168.1.100 வரை வழங்குகிறது என்றால், நாம் 192.168.1.200 என்று வைத்துக்கொள்ளலாம். யந்திரத்துக்கும் அவ்வாறே ஒரு நிலையான எண் வைப்பது நல்லது.

இனிப் பெட்டி. கணினியில் ஒரு கோப்புறை உண்டாக்கி, அதற்கு ஆங்கில எழுத்தில் 'ஸ்கேன்' என்று இடைவெளியில்லாத குட்டிப் பெயர் வைத்து, அதைப் பகிர்வுக்குத் திறக்க வேண்டும். விண்டோஸில் இதற்கு இரண்டு கதவுகள் உண்டு: பகிர்வு அனுமதி என்பது வெளிக் கதவு; பாதுகாப்பு அனுமதி என்பது உள் கதவு. இரண்டிலும் எழுதும் உரிமை கொடுத்தால்தான் யந்திரம் படத்தைப் போட முடியும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, "எல்லாம் செய்தாயிற்று, வரவில்லை" என்று கைவிட்டவர்கள் பலர்.

பெயரும் கடவுச்சொல்லும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எழுத்தர் காலையில் கணினியைத் திறக்க நான்கு இலக்க எண் ஒன்றைத் தட்டுகிறார். அது பின் எண், கடவுச்சொல் அன்று. அந்த எண் அந்தக் கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே செல்லும்; வலைப்பின்னல் வழியே வரும் யந்திரத்துக்குச் செல்லாது. ஆகவே யந்திரத்துக்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டாக்குவதே முறை. அது நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக இருக்கட்டும். நீண்ட கடவுச்சொல் இருக்கட்டும். அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் உரிமை பெற்றதாக இருக்கட்டும். எழுத்தர் மாற்றலாகிச் சென்றாலும், அவருடைய கடவுச்சொல் மாறினாலும், யந்திரத்தின் வேலை தடைப்படாது. சில வழிகளில் உண்டாக்கிய கணக்குகளின் கடவுச்சொல் 42 நாட்களில் தானே காலாவதியாகிவிடும். காலாவதியாகாதபடி குறியிட்டுவிட வேண்டும். ஒன்றரை மாதம் ஒழுங்காக நடந்து பிறகு திடீரென்று நின்றுபோன இடங்களில் முதலில் இதைப் பார்ப்பது நல்லது.

சோம்பலினால் செய்யப்படும் ஒரு குறுக்கு வழியைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. கணக்கு, கடவுச்சொல் எதுவும் வேண்டாமென்று, கோப்புறையை 'எவரும்' என்ற பெயரில் முழு உரிமையோடு திறந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வேலை நடக்கிறது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அதே ரவுட்டரின் வைஃபை கடவுச்சொல்லை நூல் வியாபாரிக்கும், வந்த விருந்தினருக்கும், பக்கத்துக் கடைப் பையனுக்கும் நாம்தானே சொல்லியிருக்கிறோம்? அவர்களில் எவரும் அங்கத்தினரின் பத்திரத்தைத் திறந்து பார்க்கலாம்; அழிக்கவும் அழிக்கலாம். நகைக் கடன் பெட்டகத்துக்கு இரட்டைச் சாவி வைக்கும் சங்கம் இதை அனுமதிக்கலாகாது.

கணினியின் வலைப்பின்னல் வகையைத் 'தனியார்' என்று குறிக்க வேண்டும். 'பொது' என்றிருந்தால் காவல் அரண் யந்திரத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். கோப்புப் பகிர்வுக்கு 445ஆம் எண் வாயில் திறந்திருக்க வேண்டும். தனியாக வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் அதிலும் அனுமதி தர வேண்டும். கணினி உறங்கிவிடாதபடியும் செய்துவிட வேண்டும். உறங்கும் கணினியின் வாசலை யந்திரம் எவ்வளவு தட்டினாலும் பயனில்லை.

இவ்வளவும் ஆனபின், கணினியின் உலாவியில் யந்திரத்தின் எண்ணை எழுதினால் யந்திரத்தின் நிர்வாகப் பக்கம் திறக்கும். தொழிற்சாலையில் வைத்த நிர்வாகக் கடவுச்சொல்லை முதற்காரியமாக மாற்றிவிட வேண்டும்; அது கையேட்டிலேயே அச்சாகியிருப்பதால் உலகறிந்த ரகசியமாகும். முகவரிப் புத்தகத்தில் மேற்சொன்ன நான்கையும் எழுதி, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பொத்தான் உண்டாக்கலாம்: எழுத்தர், காசாளர், காரியதரிசி என்று. சில யந்திரங்கள் பெயருக்கு முன் கணினியின் பெயரையும் சேர்த்து எழுதக் கோரும். கையேட்டைப் பார்த்துச் செய்தால் ஒரு முற்பகலில் முடிந்துவிடக்கூடிய வேலை.

எல்லாம் சரியாக இருந்தும் யந்திரம் உள்ளே நுழைய மறுக்கிறதா? அப்பொழுது யந்திரத்தின் வயதைப் பார்க்க வேண்டும். நம் சங்கங்கள் புதுப்பிக்கப்பட்ட பழைய யந்திரங்களைச் சகாய விலைக்கு வாங்குவதுண்டு. அவற்றில் சில எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பு மட்டுமே அறிந்தவை. அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான் 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்ற தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளின் வேலையே தடைப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் பதிப்பு முதல், புதிதாக நிறுவும் கணினிகளில் பெரும்பாலும் முதற் பதிப்பு சேர்க்கப்படுவதில்லை. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் புரோ வகை, வரும் ஒவ்வொரு செய்தியிலும் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறது. முத்திரையிடத் தெரியாத யந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டபடியால், புதிய கணினிக்கு மாறும் சங்கங்கள் இத்தொல்லையை எதிர்பார்க்கலாம்.

"முதற் பதிப்பைத் திறந்துவிட்டால் ஓடும்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. ஓடும் என்பது உண்மையே. பூட்டு இறுகுகிறது என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு அந்த யோசனை பிடிக்கும். முறையான வழி, யந்திரத் தயாரிப்பாளர் அந்த மாதிரிக்குப் புதிய உள் மென்பொருள் வெளியிட்டிருக்கிறாரா என்று விசாரித்து அதை ஏற்றுவதே. இல்லையெனில் வேறு பாதைகள் இருக்கின்றன. யந்திரத்தில் பென் டிரைவைச் செருகி, அதில் ஸ்கேன் செய்து, கணினிக்குக் கொண்டுசெல்வது நாகரிகமற்றதாகத் தோன்றலாம். ஆனால் வலைப்பின்னலே வேண்டாத வழி அது. தினம் பத்துத் தாள் ஸ்கேன் செய்யும் சங்கத்துக்கு அதுவே போதும் என்பது நமது அபிப்பிராயம். சிறு ரக யந்திரங்களில் மற்றொரு முறை உண்டு: யந்திரம் தள்ளுவதற்குப் பதிலாக, கணினியில் அமர்ந்திருப்பவர் தயாரிப்பாளரின் மென்பொருளைக் கொண்டு படத்தை இழுத்துக்கொள்வது. இதற்குப் பகிர்வும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கணினிக்கும் யந்திரத்துக்கும் இடையே நடக்க வேண்டியதுதான் சிரமம்.

மின்னஞ்சல் வழியாக அனுப்பும் ஏற்பாட்டைப் பல சங்கங்கள் முன்பு செய்து வைத்திருந்தன. ஜிமெயில் கணக்கின் கடவுச்சொல்லை அப்படியே யந்திரத்தில் எழுதி வைக்கும் பழைய முறையைக் கூகுள் ஸ்தாபனம் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஏற்படுத்திக்கொண்டு, 16 எழுத்துக்கள் கொண்ட தனிக் கடவுச்சொல்லைப் பெற்று யந்திரத்தில் எழுதினால் மீண்டும் வேலை செய்யும். ஆயினும் பக்கத்து மேஜைக்குப் போக வேண்டிய காகிதம் கடல் கடந்து போய்த் திரும்பி வருவானேன்? இணையம் நின்றால் இதுவும் நின்றுவிடும். ஓர் அஞ்சலில் 25 மெகாபைட்டுக்கு மேல் இணைக்கவும் முடியாது.

அளவைப்பற்றிப் பேசும்போது, யந்திரத்தின் தர அமைப்பையும் குறிப்பிட வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது நமது தஸ்தாவேஜுகளுக்குப் போதுமானது. அந்தத் தரத்தில் ஒரு ஏ4 தாள் ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகளாகிறது. சுருக்காமல் வைத்தால், கறுப்பு வெள்ளையில் ஒரு மெகாபைட்டுக்குச் சற்று மேல். முழு வண்ணத்திலோ 26 மெகாபைட். 600 புள்ளி என்று வைத்தால் இவை நான்கு மடங்காகும். கடன் மனுவுக்குக் கறுப்பு வெள்ளையும், மங்கிய ஊதா முத்திரையுள்ள பத்திரத்துக்குச் சாம்பல் நிறமும், ஜக்கார்டு வேலைக்கான வண்ண டிசைன் கிராப் தாளுக்கு முழு வண்ணமும் பொருந்தும். கிராப் தாள் பெரிதாகையால் நெசவாளர் சங்கங்கள் ஏ3 கண்ணாடியுள்ள யந்திரத்தை வாங்குவது உத்தமம். கட்டம் எண்ணிப் பார்க்கும்படி அந்தப் படம் இருந்தால், பூச்சி அரித்த பழைய டிசைன்களும் பிழைத்துக்கொள்ளும்.

கோப்பைச் சிறிதாக்கும் ஆசை எல்லை மீறக்கூடாது என்பதற்கு ஜெர்மனியில் நடந்தது ஒன்றைச் சொல்லலாம். 2013ஆம் ஆண்டில் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் வகை யந்திரத்தில் ஸ்கேன் செய்த ஒரு கட்டட வரைபடத்தைப் பார்த்தார். அதில் மூன்று அறைகளின் பரப்பு முறையே 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருக்க வேண்டும். ஸ்கேன் செய்த படத்திலோ மூன்று அறைக்கும் 14.13 என்றே இருந்தது! மங்கலாக இருந்தால் சந்தேகம் வரும். எண்கள் தெள்ளத்தெளிவாக, ஆனால் தவறாக இருந்தன. ஒரே மாதிரி தோன்றும் சிறு உருவங்களை ஒன்றெனக் கருதி, ஒன்றின் படத்தையே மற்றதற்கும் பயன்படுத்தும் சுருக்க முறையே காரணம். 6 இருக்க வேண்டிய இடத்தில் 8 வந்ததும் கண்டறியப்பட்டது. நிறுவனம் பின்னர் திருத்த மென்பொருள் வெளியிட்டது. இப்பொழுது உபயோகத்திலுள்ள யந்திரங்கள் எல்லாம் இப்படிச் செய்யும் என்று நாம் சொல்லவில்லை. பேரேட்டுப் பக்கங்களை மிகக் குறைந்த தரத்திலும் மிக அதிகச் சுருக்கத்திலும் ஸ்கேன் செய்யாதீர்கள் என்றே சொல்லுகிறோம். ஸ்கேன் செய்துவிட்டோம் என்று மூலத்தை எடைக்குப் போடவும் வேண்டாம். தீர்மானப் புத்தகத்தின் படம் இருப்பது தீர்மானப் புத்தகம் இருப்பதாகாது. ஆய்வின்போது நாம் கேட்பது மையினால் எழுதிய மூலத்தையே.

சேர்ந்த படங்கள் 'ஸ்கேன்' கோப்புறையிலேயே குவியக்கூடாது. யந்திரம் தேதியும் நேரமும் கொண்ட பெயரைத்தான் பெரும்பாலும் வைக்கும். யந்திரத்தின் கடிகாரம் தவறாக இருந்தால் அந்தப் பெயரும் பயனற்றது. மாலையில் காரியாலயம் மூடுமுன் எழுத்தர் ஒவ்வொன்றையும் உறுப்பினர் எண் இட்டு உரிய கோப்புறைக்கு மாற்றி, பெட்டியைக் காலியாக்க வேண்டும். வாரம் ஒருமுறை அனைத்தையும் ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். கணினியுடனேயே இணைத்து வைத்த டிஸ்க்கைப் பூட்டு மென்பொருள் கணினியோடு சேர்த்துப் பூட்டிவிடும். யந்திரக் கணக்கின் கடவுச்சொல், ரவுட்டரின் கடவுச்சொல், ஒதுக்கிய எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, அதே பெட்டியில் மாற்றுச் சாவியுடன் வைக்கலாம். மெக்கானிக் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கடவுச்சொல்லால், அவர் ஊரில் இல்லாத நாளில் சங்கமே கைகட்டி நிற்க நேரிடும்.

யந்திரத்தை வாடகைக்கு எடுத்திருக்கும் சங்கங்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய நகல் யந்திரங்கள் பலவற்றில் உள்ளே டிஸ்க் உண்டு. ஸ்கேன் செய்த படங்களும் முகவரிப் புத்தகத்திலுள்ள கடவுச்சொற்களும் அதில் தங்கியிருக்கக்கூடும். அமெரிக்காவில் நியூயார்க்கைச் சேர்ந்த அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற ஸ்தாபனம் வாடகை யந்திரத்தை டிஸ்க்கை அழிக்காமல் திருப்பித் தந்தது. அதை 2010ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் விலைக்கு வாங்கிப் பார்க்க, நோயாளிகளின் விவரங்கள் அப்படியே உள்ளே இருந்தன. வழக்கைத் தீர்த்துக்கொள்ள அந்த ஸ்தாபனம் 2013இல் 12,15,780 டாலர் செலுத்த நேர்ந்தது. ஆகவே வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே, யந்திரத்தைத் திருப்பும் நாளில் டிஸ்க்கை அழித்துத் தரும் பொறுப்பு யாருடையது என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாளில் காரியதரிசியின் முன்னிலையில் முகவரிப் புத்தகத்தை நீக்கி, டிஸ்க்கை அழிக்கும் கட்டளையை ஓடவிட்டு, முடிந்ததென்று யந்திரம் அச்சிடும் தாள் இருந்தால் அதையும், இல்லையெனில் முகவரின் கையொப்பத்தையும் பெற்று, தளவாடப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே யந்திரத்தை வண்டியில் ஏற்றவிடலாம்.